செக்கு இங்கே, மாடு எங்கே?

பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் 6-ஆம் மாடியில் 14 வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்காதீர்கள். அம்மாவும் 14 வருஷம் கேட்டுப் பார்த்தாள். விளங்கும்படி ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. தினமும் காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். நேற்று என்ன செய்தாய், நாளைக்குள் என்ன செய்வாய், குறுக்கே நிற்பது யார்? இந்த மூன்று கேள்விக்கும் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். நின்றுகொண்டே முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது அதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குத் தெரியாது.

41-ஆம் வயதில் ஒரு ராத்திரி மனைவியிடம், "செக்குமாடு மாதிரி சுத்துறேன்" என்று புலம்பினேன். அந்த நேரம் மேலே எந்தத் தேவதை 'ததாஸ்து' சொன்னதோ, அடுத்த வருஷமே கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் ஒரு மரச்செக்கு வைத்திருந்தேன்.

இதில் ஜே. சி. குமரப்பாவுக்கும் பங்குண்டு. தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராகக் கோட்டும் சூட்டுமாக இருந்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்தார். பிறகு கதர் வேட்டி, கிராமக் கைத்தொழில் என்று வாழ்க்கையே வேறாகிவிட்டது. கடைசிக் காலத்தில் நம் டி. கல்லுப்பட்டிக்கு வந்து தங்கினார். இதைப் படித்ததும் எனக்கும் வேட்டி கட்டிக்கொள்ள ஆசை வந்தது. ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. அவர் கணக்குப் படித்துவிட்டு எளிமைக்குப் போனார். நான் எளிமைக்குப் போன பிறகுதான் கணக்குப் படித்தேன்.

முதல் எதிர்ப்பு மாமனாரிடமிருந்து வந்தது. ஒட்டப்பிடாரம் எங்களுக்குப் பக்கம் என்பதால், எங்கள் பகுதியில் செக்கு என்றாலே வ.உ.சி. ஞாபகம்தான் வரும். வக்கீலாக இருந்து, 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908-இல் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுத்து, பின்னாளில் எங்கள் கோவில்பட்டியிலேயே மறுபடி வக்கீல் தொழில் செய்த மனிதர். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ள, அவர வெள்ளக்காரன் செக்கிழுக்க வச்சான். உங்கள யாரு வச்சா?" மனைவி அவசரமாகக் காபி போட எழுந்து போனாள்.

வேலையை விட்டது, 'உண்மையான நான்' யார் என்று தெரிந்துகொள்ளத்தான். ரமண மகரிஷி 'நான் யார்?' என்று விசாரிக்கச் சொன்னார். அதைப் பல வருஷம் ஒத்திப்போட்டிருந்தேன். வருங்கால வைப்பு நிதிப் பணத்தை எடுக்கப் போனபோது ஒத்திப்போட முடியவில்லை. ஆதாரில் என் இனிஷியல் முன்னால் நின்றது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் நின்றது. வேலையில் சேர்ந்தபோது நான் நிரப்பிக் கொடுத்த தாளில் இனிஷியலே இல்லை. ஆக, நான் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க நாலு மாதம் ஆயிற்று. தப்பு என்னுடையதுதான். ஆனால் அத்வைதம் இவ்வளவு ஜெராக்ஸ் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து, எளிமை. அலுவலகம் கொடுத்த 19 டி-ஷர்ட்டுகளையும் துறந்தேன். துறந்த இடத்தை நிரப்பக் கைத்தறிச் சட்டை, மண்பானை, இரும்புத் தோசைக்கல், ஈயச்சொம்பு, கோரைப்பாய் எல்லாம் வாங்கினேன். பில் 31,000 ரூபாய் வந்தது. "இதெல்லாம் நம்ம பரண்ல கெடந்துச்சேய்யா. பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டு நீதான பிளாஸ்டிக் டப்பா வாங்கச் சொன்ன?" என்றாள் அம்மா. துறந்த டி-ஷர்ட்டுகளும் வீண்போகவில்லை. 'எல்லைகளைத் தாண்டு' என்று நெஞ்சில் அச்சடித்த ஒன்று இன்றைக்கும் எண்ணெய் டின்னைத் துடைக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினேன். எளிய வாழ்க்கையில் எளிதாக முடிந்த செலவு அது ஒன்றே.

செக்கை ஓட்ட ஓர் அண்ணாச்சி கிடைத்தார். உரலும் உலக்கையும் வாகை மரம், சூடேறாது என்றார். எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆட்டுவார். நான் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் நேரம் குறிப்பேன்.

"எத்தனை நிமிஷத்துல எண்ணெய் பிரியும் அண்ணாச்சி?"

"அது பிரியும்போது பிரியும் தம்பி."

"சுமாரா?"

அவர் புண்ணாக்கில் ஒரு பிடி அள்ளி, பிசைந்து பார்த்து, என் கையில் வைத்தார். "இதான் பதம். இத அந்தப் பொட்டியில எழுதிக்கிடுங்க." எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னமும் தெரியவில்லை.

முதல் மாதம் கடலை எண்ணெய் பிய்த்துக்கொண்டு போனது. லிட்டர் 280 ரூபாய். பெருமையாக மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு லிட்டருக்கு நிலக்கடலைப் பருப்பு எவ்வளவு என்றாள். இரண்டரைக் கிலோ, கிலோ 120, ஆக 300 ரூபாய். புண்ணாக்கு விற்றால் 60 ரூபாய் திரும்பும். கரண்ட், கூலி, பாட்டில் எல்லாம் சேர்த்து 80. "அப்போ அடக்கமே 320. லிட்டருக்கு 40 ரூபாய் கையிலிருந்து கொடுத்து ஊருக்குத் தாளிச்சு விட்டிருக்கீங்க. லாப நஷ்டப் பாடம் நடத்தின அன்னைக்கு ஸ்கூலுக்கே போகலையா?"

விலையை 340 ஆக்கினேன். அதன் பிறகு என்னையும் சந்தேகம், எண்ணெயையும் சந்தேகம். மணந்தால், "எசன்ஸ் ஊத்தினீங்களா?" மணக்காவிட்டால், "கலப்படமா?" அடியில் மண்டி தங்கினால் அழுக்கு, தங்காவிட்டால் ஆலையில் வடிகட்டியது. உண்மையான நானாக வாழ வந்தவன், உண்மையான எண்ணெய் என்று தினம் எட்டுப் பேரிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என் செக்கில் மாடு கிடையாது, மோட்டார்தான். மாடு எங்கே என்று கேட்கும் குழந்தைகளுக்கு அண்ணாச்சி ஏதும் சொல்வதில்லை; என் பக்கம் பார்ப்பார். விடிந்தால் கடலை மண்டி, பிறகு வங்கி, மில் ரோடு, பாட்டில் கடை, மறுபடி செக்கு. சுற்று குறையவில்லை. வருமானம் பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினால் செக்கு நின்றுவிடுகிறது. மடிக்கணினியை மூடிய பிறகும் ஆபீஸ் மண்டைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. வாங்கிய கோரைப்பாய் மட்டும் முதுகில் குத்துகிறது.

அம்மா முதல் வருஷம் முழுக்க ஊராரிடம், "லீவுல வந்திருக்கான்" என்று சொல்லி வந்தாள். 365 நாள் லீவு கொடுக்கிற கம்பெனி எது என்று கேட்டு இரண்டு பையன்கள் வீட்டுக்கே வந்தார்கள். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ, "மகன் என்ன பண்றாரு?" என்றார்கள். இலைக்குத் தண்ணீர் தெளித்தபடியே, "எண்ணெய் ஆட்டுறான்" என்றாள். 14 வருஷம் என்னால் சொல்ல முடியாததை இரண்டு சொல்லில் முடித்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். எனக்குத்தான் பாயசம் கொஞ்சம் தொண்டையில் நின்றது.

அதிலிருந்து தொழிலில் அவளுக்கும் அக்கறை வந்துவிட்டது. ராத்திரி 8 மணிக்குத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து கூப்பிடுவாள். "இன்னிக்கு எத்தன லிட்டரு? நாளைக்கு எள்ளா, கடலையா? பாக்கி தராம இழுக்கிறது யாரு?"

கணக்கு நோட்டோடு போய் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்கிறாள்.