கழுதை ஏறிய கிளாரினெட்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லி மேடைக்கு மேடை அதற்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். எனக்கு அந்தச் சுவரில் பிடித்த இடம் வேறு. யார் உள்ளே வரலாம் என்பதை நாலு வரியில் முடித்துவிட்டு, யார் வரக்கூடாது என்பதை ஆசை ஆசையாக விவரித்துக்கொண்டே போகிறார்களே, அந்த இடம்.

வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் சரி. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, அதுவும் சரி. அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன், மாமனார், மருமகன் என்று கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரி உறவுமுறை முழுவதையும் சேர்த்துத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிறகு திருடியவன், கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை மேல் ஏறியவன். மிச்சம் இருப்பவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். நம்பிமாரில் மூத்தவர் ஊர் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து அதை வாங்கிப் படிப்பார்.

ஏரிக்கு வாரியம் உண்டு, தோட்டத்துக்கு உண்டு, பொன்னுக்கும் உண்டு. பாட்டுக்கு மட்டும் வாரியம் போடவில்லை. அந்தக் குறை இருக்கக்கூடாது என்று நானே ஒன்றைப் போட்டுவிட்டேன். வேட்பாளர்கள் கடல் தாண்டி வந்த வாத்தியங்கள். பத்தாம் நூற்றாண்டு சபையில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் எப்படி வந்தது என்று கேட்பவர்கள், திருவிளையாடல் படத்தில் தருமி பேசும் தமிழ் எந்த நூற்றாண்டு என்று முதலில் சொல்லிவிட்டு வரவும்.

முதல் வேட்பாளர் வயலின்.

"பிறந்த ஊர்?"

"ஐரோப்பா, சுவாமி. இந்தப் பக்கம் வந்தது சென்னைக் கோட்டை வெள்ளைக்காரர்களோடு."

"கோட்டையில் என்ன உத்தியோகம்?"

"அவர்கள் சாப்பிடும்போது வாசிப்பது. சாப்பிட்ட பிறகு குடிப்பார்கள். அப்போதும் வாசிப்பது."

சபையில் சலசலப்பு. ஓலையைக் கிழிக்கலாம் என்று ஒருவர் எழுந்தே விட்டார். அப்போதுதான் வயலின் தன் பத்திரங்களை எடுத்து வைத்தது. "மணலியில் ஜமீன் முதலியார் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பம் இருந்தபோது, அவர் பிள்ளை பாலுஸ்வாமி கோட்டை வெள்ளைக்காரரிடம் என்னைக் கற்றுக்கொண்டார். அண்ணா முத்துஸ்வாமி தீட்சிதர். அதுதான் இப்போது என் விலாசம்."

தீட்சிதர் வீடா! சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சொந்த மனையில் வீடு என்ற விதி இதற்கு மேலா நிறைவேற வேண்டும்? அந்த அண்ணாவும் சும்மா இல்லை. கோட்டை பாண்டுக்காரர்கள் ஊதிய மெட்டுகளைக் காதில் வாங்கி, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று நாற்பதை ஒட்டி நமக்குக் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டிலும் ஒன்று உண்டு. ராஜா உட்கார்ந்திருந்த நாற்காலியில் அம்பாளை உட்கார வைத்தார். ராஜத் துரோக வழக்குப் போட்டிருக்கலாம், கம்பெனிக்காரனுக்குச் சமஸ்கிருதம் புரியவில்லை. பின்னால் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்தில் தங்கி ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் பாடியவர் என்பதால் உள்ளூர் ஓட்டும் சேர்ந்துகொண்டது.

ஆனால் வயலினை ஜெயிக்க வைத்தது விலாசம் மட்டுமில்லை. அது உட்கார்ந்தது. ஐரோப்பாவில் நின்றுகொண்டு மோவாய்க்கட்டைக்கு அடியில் இடுக்கி வாசித்த பெட்டி, இங்கே வந்ததும் சம்மணம் போட்ட ஆளின் வலது காலில் தலையை வைத்துக்கொண்டது. தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று நம் ஊர் வழக்கத்துக்கு இறக்கிக் கட்டினார்கள். வயலின் வாசித்த தஞ்சாவூர் வடிவேலுவுக்கு மகாராஜா சுவாதித் திருநாள் 1834ல் தந்தத்திலேயே ஒரு வயலின் கொடுத்தார். இன்றைக்கு வயலின் இல்லாமல் பாட்டுக் கச்சேரி ஏது? சன்னியாசிகள் சமாதியில் நடக்கும் ஆராதனையில்கூட வயலின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கோட்டை விருந்து யாருக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த ஓலை கிளாரினெட்.

1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் டென்னர் என்ற வாத்தியக்காரர் உருவாக்கிய குழல். பட்டாளத்து பாண்டோடு இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை வயலினுக்கும் இதற்கும் ஒரே ஜாதகம்தான். 1860 வாக்கில் மகாதேவ நட்டுவனார் இதைச் சதிர்க் கோஷ்டியான சின்னமேளத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். முகவீணை ஊதிய இடத்தில் கிளாரினெட் ஊதியது. அங்கேதான் ஜாதகம் பிரிந்தது.

"எந்த வீட்டில் இருக்கிறாய்?"

"சதிர் ஆடும் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறேன், சுவாமி."

"நிற்கிறாயா?"

"அம்மா முன்னே போனால் நானும் முன்னே. பின்னே வந்தால் பின்னே. மத்தளக்காரர் இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வருவார்."

ஊதிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. உறவுமுறைப் பட்டியலை எடுத்தார்கள். தேவதாசி வீட்டுச் சம்பந்தம், பட்டாளத்துச் சம்பந்தம், கல்யாண ஊர்வலத்தில் சட்டைக்குப் பித்தளைப் பொத்தான் போட்டுக்கொண்டு நடக்கும் பாண்டு செட்டுச் சம்பந்தம். கழுதை மேல் ஏறாதது ஒன்றுதான் பாக்கி. அதையும் ஏறியதாகவே எழுதிக்கொண்டார்கள்.

சங்கீத ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்த உறவுமுறை விசாரணைதான் என்பது என் கட்சி. காது கேட்பதற்கு முன்னால் கண் விசாரித்து முடித்துவிடும். வாசிப்பவன் உட்கார்ந்திருக்கிறானா நிற்கிறானா, யார் வீட்டுக்காரன், மேலே துண்டா கோட்டா? நாதஸ்வரத்துக்கே இந்தக் கதிதானே. ராஜரத்தினம் பிள்ளை மாதிரி ஒருவர் வந்து, கிராப்பு வைத்துக்கொண்டு, நானும் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று அடம் பிடிக்க வேண்டியிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் கிளாரினெட்டின் மேல் சங்கீதக் குற்றச்சாட்டும் ஒன்று வைக்கலாம். புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே விரலுக்கு மேல் ஸ்தாயி ஸட்ஜம் வரும். கிளாரினெட்டில் அழுத்தினால் ஸட்ஜத்தைத் தாண்டிக் குதித்து மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். கீழே கற்ற விரல் மேலே உதவாது. போதாததற்கு ஓட்டையை மூடக் கீ. கமகம் வேண்டுமென்றால் உதட்டிலும் பாதி மூடிய விரலிலும்தான் வழித்தெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட குழலில் தோடி வாசித்தவர்களுக்குச் சபை கோயில் கட்டியிருக்க வேண்டும். ஆனால் யாரும் இந்தக் குற்றச்சாட்டை எழுப்பவே இல்லை. எழுப்ப வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டுமே.

காஞ்சிபுரம் அம்மனாட்சி அம்மன் கோயிலில் 1925ல், அந்தச் சதிர் மரபில் வந்த ஏழு வயதுப் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நடந்தது. பின்னாளில் அவர் குழுவில் கிளாரினெட்டும் இருந்தது. அடையாற்று நடனப் பள்ளியிலோ சதிரைப் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேற்றி, பாட்டுக்காரர்களை ஓரமாக உட்கார வைத்துச் சுத்தம் செய்தபோது, கிளாரினெட்டின் கையிலிருந்த வேலை புல்லாங்குழலுக்குப் போனது. கிருஷ்ணன் வைத்திருந்த வாத்தியம், உறவுமுறை விசாரணையே தேவையில்லை. (கிருஷ்ணனின் உறவுமுறையை யார் விசாரிப்பது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

ஆர்மோனியத்தின் கதை சுருக்கம். கள்ளக் கையெழுத்துப் பிரிவில் தள்ளினார்கள். ஸ்வரத்தை வளைக்காமல் கட்டையாகக் கொடுக்கிறது, இது போலிப் பத்திரம் என்றது அகில இந்திய வானொலி. 1940லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. அந்த முப்பது வருஷமும் நாடகக்காரர்களும் பஜனைக்காரர்களும் அதை விடவில்லை.

இப்போது குடத்தில் கடைசியாக ஓர் ஓலை. தனி வாத்தியமில்லை, ஒரு கோஷ்டி. கிளாரினெட், வயலின், அதன் பெரியப்பா செல்லோ, பியானோ. எழுதியவர் ஒலிவியே மெஸ்ஸியான், பிரெஞ்சுக்காரர். 1940ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கேர்லிட்ஸ் போர்க் கைதிகள் முகாமில் இருந்தபடி எழுதியது. காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை என்று பெயர். 1941 ஜனவரி 15 அன்று, பனியில், முகாம் கொட்டகையில் அரங்கேறியது. கிளாரினெட் ஊதியது ஆன்ரி அகோகா, அவரும் கைதி. மூன்றாம் பகுதி முழுக்கக் கிளாரினெட் தனி ஆவர்த்தனம்தான். கேட்டவர்கள் கைதிகளும் காவல் அதிகாரிகளும்.

பிற்காலத்தில் மெஸ்ஸியான் இதைச் சொல்லும்போது ஐயாயிரம் பேர் கேட்டார்கள் என்பார். கொட்டகையில் சில நூறு பேருக்குத்தான் இடம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். செல்லோவுக்கு மூன்றே தந்திதான் இருந்தது என்றும் சொல்லிவந்தார். வாசித்த எட்டியேன் பஸ்கியே, நாலு தந்தியும் இருந்ததய்யா என்று மறுத்தார். கூட்டக் கணக்கில் கொஞ்சம் சேர்த்துச் சொல்வது சென்னை சபா செயலாளர்களின் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன், முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் விதிப்படி மெஸ்ஸியானின் ஓலையை அங்கேயே கிழித்திருக்க வேண்டும்.

ஆனால் மத்தியஸ்தன் ஓலையின் மறுபக்கத்தைப் படிக்கிறார். அதில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்று தாளங்களின் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் அடுக்கிய 120 தேசி தாளங்களை மெஸ்ஸியான் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் படித்து, மூன்றை எடுத்து, முதல் பகுதியில் பியானோவின் கையில் கொடுத்துவிட்டார். நாம் பரணில் போட்டதை அவர் இறக்கித் துடைத்திருக்கிறார்.

நம்மூர்த் தாளமா! மண்டபத்தில் அத்தனை பேரும் தொடையைத் தட்டத் தயார். பியானோ தொடங்கியது. மூன்று தாளமும் சேர்ந்து 17 நீளங்கள். அதன் மேல் வரும் ஸ்வரக் கூட்டங்களோ 29. இது திரும்பத் தொடங்கும்போது அது நடுவில் இருக்கும். இரண்டும் ஒன்றாகச் சமத்துக்கு வர 493 அடி போக வேண்டும். அதற்கு வெகு முன்னாலேயே பகுதி முடிந்துவிடும். மேலே கிளாரினெட் ஒரு பறவை மாதிரி கூவுகிறது, வயலின் வேறொரு பறவை. தொடைகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

"ஓய், சமம் எங்கே?"

"வரும் வரும், பொறும்."

"எனக்கு 70 ஆகிவிட்டால் பதவி போய்விடும், தெரியுமோல்லியோ?"

இந்தக் கூட்டத்தில் தாளம் விடாமல் உட்கார்ந்திருக்கக் கூடியவர் ஒருவர்தான். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று ஃபுல் பெஞ்ச் வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் கணக்கில் அயர வைத்த லய ராட்சதர். இந்த 17ஐயும் 29ஐயும் அவர் பல்லவியாக எடுத்து, திரிகாலமும் செய்து பார்த்திருப்பார். பாவம், 1934லேயே போய்விட்டார்.

மற்றவர்கள் வழக்கமான முடிவுக்கு வந்தார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குப் போவது எந்தக் கல்வெட்டிலும் இல்லாத விதி. அதைத்தான் எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். கேர்லிட்ஸ் கொட்டகையில் கைதிகள் எழுந்து போகவில்லை. அத்தனை கவனத்தோடு என்னை யாரும் கேட்டதில்லை என்று மெஸ்ஸியான் சொல்லிக்கொண்டார். கேட்டைப் பூட்டியிருந்தார்கள் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசித்து வெள்ளைக்கார விருந்தாளிகளை மயக்குவார். சினிமாக் கொட்டகையில் விசில் பறந்தது. நம் குழலில் அவர்கள் பாட்டு என்றால் நமக்கு மார்பு விரிகிறது. அவர்கள் குழலில் நம் பாட்டு என்றால் மூக்கு சுருங்குகிறது.

அந்த மூக்கை நேராக்கியவர் ஏ.கே.சி. நடராஜன். திருச்சிக்காரர், 1931ல் பிறந்தவர். அப்பா சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட்காரர். ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டு, இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதஸ்வரம் என்று கற்று, அதையெல்லாம் கொண்டுபோய்க் கிளாரினெட்டில் இறக்கினார். தவிலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ராகம் வாசித்தார். கேட்ட ராஜரத்தினம் பிள்ளை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். யாரையும் லேசில் புகழாத வாய் அது. அதற்குப் பிறகு உறவுமுறைப் பட்டியலைச் சத்தமாகப் படிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, மனசுக்குள் படித்துக்கொண்டார்கள். வயலின்காரர் துவாரம் வெங்கடசாமி நாயுடுவுக்குச் சங்கீத கலாநிதி 1941ல் கிடைத்தது. கிளாரினெட்காரர் நடராஜனுக்கு 2008ல். இடையில் 67 வருஷம். பத்மஸ்ரீ 2022ல் வந்தது, 90 தாண்டிய பிறகு. உத்திரமேரூர் விதிப்படி பார்த்தால் இரண்டு விருதுமே வயது வரம்பு மீறியவை.

அந்தப் பையன் இன்னும் குடத்தில் கை விட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்கு விவரம் தெரியாது என்பதால்தான் அவனை நிறுத்தினார்கள்; மொத்தச் சபையிலும் நான் நம்பும் ஆள் அவன் ஒருவன்தான்.

அடுத்த முகூர்த்த நாளில் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்கள். எதிரே மாப்பிள்ளை அழைப்பு, பாண்டு செட்டு, சாலை முழுக்க அடைத்துக்கொண்டு வருகிறது. தயவுசெய்து ஹார்ன் அடிக்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, அந்தக் கிளாரினெட்காரர் வாசிப்பது என்ன ராகம் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க வேண்டாம்.