எஸ்-க்கும் எம்-க்கும் நடுவே குடியிருப்பவன் விண்ணப்பம்

அனுப்புநர்: உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. நிரந்தர முகவரி: தங்கள் அளவு அட்டவணையில் ‘எஸ்’ முடிந்து ‘எம்’ தொடங்கும் கோடு.

பெறுநர்: மாண்புமிகு தலைவர், அளவு மாற்றத் துறை, உலக மலை சைக்கிள் தொழில்.

பொருள்: மின்சார மலை சைக்கிள் – அளவு தேர்ந்தெடுத்தல் – உதிரிபாகம் மாற்றுதல் – கருணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 26 அங்குலச் சக்கரம் ஒழிந்த நாள் முதல் இன்றுவரை தாங்கள் வெளியிட்ட அளவுகள் அனைத்தும்.

ஐயா,

இப்படி ஒரு துறை இருப்பதாகத் தொழிலில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் யாரோ உட்கார்ந்து திட்டம் போடாமல் ஒரு குழப்பம் இத்தனை ஒழுங்காக நடக்க வழியில்லை. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் தங்கள் சாதனைகளைப் போற்றுவதுதான் முறை. மலை சைக்கிள் என்றால் 26 அங்குலச் சக்கரம் என்று உலகம் நிம்மதியாக இருந்தது. 29 வந்தது. அது ரொம்பப் பெரிது என்றவர்களுக்கு 27.5 வந்தது. எது நல்லது என்ற சண்டை ஓயுமுன் முன்னால் 29, பின்னால் 27.5 என்று இரண்டையும் ஒரே வண்டியில் மாட்டிவிட்டீர்கள். பின் ஹப்பின் அகலம் 135 மில்லிமீட்டராக இருந்தது, 142 ஆனது, 148 ஆனபோது ‘பூஸ்ட்’ என்று பெயர்சூட்டு விழா நடந்தது, 157-க்கு ‘சூப்பர் பூஸ்ட்’ பட்டமும் கொடுத்தாயிற்று. ஹேண்டில்பாரைக் கவ்வும் ஸ்டெம்மின் வாய் 25.4, 31.8, 35 என்று அகன்றுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: விறைப்பு கூடும். கூடட்டும். பரணில் கிடக்கும் நல்ல ஹப்பும் நல்ல ஸ்டெம்மும் எந்த வண்டிக்கும் பொருந்தாமல் விறைத்துத்தான் கிடக்கின்றன.

பெடலைத் தாங்கும் கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் தாங்கள் காட்டிய கைவரிசை தனி. பிஎஸ்ஏ மரை என்று ஒன்று உண்டு: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அம்பத்தூர் பிஎஸ்ஏ சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பெயர் பழக்கம். மரைக்கும் சைக்கிளுக்கும் பெயர் தந்தது பர்மிங்காமின் அதே பழைய கம்பெனிதான். அந்த மரையைத் திருகினால் இறுகும், திருப்பினால் கழலும். இவ்வளவு சுலபமாக ஒரு பொருள் இருக்கலாமா? அழுத்திச் செருகும் பிரஸ்-ஃபிட்டைக் கொண்டுவந்தீர்கள். அது ஏற்றத்தில் கிரீச்சிட்டது. பல ஆண்டுக் கிரீச்சலுக்குப் பிறகு பல கம்பெனிகள் சத்தமில்லாமல் மரைக்கே திரும்பிவிட்டன.

மின்சார வண்டியில் இதற்கு நிரந்தரத் தீர்வே கண்டீர்கள்: அந்த இடத்தை மோட்டாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். பாஷ் மோட்டாருக்குச் செய்த ஃபிரேமில் ஷிமானோ உட்காராது. ஷிமானோவுக்குச் செய்ததில் பாஷ் உட்காராது. பேட்டரியும் அப்படியே. ஆக, வாங்குகிற அன்று எடுத்த ஃபிரேம்தான் கடைசிவரை. டயர், பிரேக், சீட்டு எதையும் பிறகு மாற்றலாம். ஃபிரேமின் அளவை எந்தக் கடையிலும் மாற்றித் தரமாட்டார்கள்.

அந்த அளவைத்தான் தாங்கள் ஓர் எழுத்தில் முடித்துவிடுகிறீர்கள். அட்டவணை கேட்பது என் உயரத்தை மட்டும். கால் நீளமா, உடல் நீளமா, கை எட்டுமா என்ற விசாரணை கிடையாது. ஹேண்டில்பார் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைச் சொல்லும் ‘ரீச்’ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே வருகிறது. அன்றைய ‘எல்’ வண்டியின் நீளம் இன்றைய ‘எம்’மில் இருக்கிறது. நான் மட்டும் வளரவில்லை, அதற்கு மன்னிக்கவும். சுமார் 24 கிலோ வண்டி கல்லுச் சரிவில் நின்று சாயும்போது என் கால் தரையில் ஊன்றுமா என்பதற்கு ‘ஸ்டாண்டோவர்’ என்ற எண் உண்டு. வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டிய அந்த எண்ணைத் தாங்கள் வடிவியல் அட்டவணையின் கடைசி வரிசையில் பொடி எழுத்தில் வைத்திருப்பது அடக்கம் காரணமாகத்தான் இருக்கும்.

குள்ளர்களுக்கான சிறப்புச் சலுகையையும் மறக்கவில்லை. பெரிய பேட்டரி நீளமானது. சில கம்பெனிகளின் சிறிய ஃபிரேமில் அது நுழையாது. ஆகவே அங்கே சிறிய பேட்டரி. காசு மட்டும் பெரும்பாலும் எல்லா அளவுக்கும் ஒன்றே.

இன்னொரு சலுகை என் வண்டியிலேயே கண்டது. இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த உதவும் டிராப்பர் தண்டை, கொஞ்சம் நீளமானதாக வாங்கி மாட்டப் பார்த்தேன். அதன் குறுக்களவு 30.9, 31.6, 34.9 என்று பெரும்பாலும் மூன்று சாதி, சரியானதைத்தான் வாங்கினேன். கிரீஸ் தடவியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலரைத் தொட இரண்டு விரற்கடை பாக்கி இருக்கையில் ‘டொக்’கென்று நின்றது. டார்ச் அடித்தால், ஷாக்குக்கு வழிவிட்டுக் குழாய் உள்ளே வளைகிறது. அந்த இரண்டு விரற்கடை உயரத்தில் உட்கார்ந்தால் என் குதிகால் பெடலுக்கு மேலே தொங்குகிறது. தண்டு எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற அளவை அச்சிட ஒரு வரி போதும், ஐயா.

கிராங்க் விஷயத்தில் மட்டும் தங்களுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது. மோட்டார் இருப்பதால் கல் மேட்டிலும் மிதித்துக்கொண்டே ஏறுகிறோம். நீளமான கிராங்கில் பெடல் கல்லில் இடிக்கும். 165, 160, 155 என்று குறைத்தீர்கள். நெம்புவிசையில் குறைவதை மோட்டார் ஈடுகட்டுகிறது. நன்றி.

பிரேக் தட்டின் குறுக்களவுக்கு வருவோம். ஒரு கம்பெனிக்கு 200 மி.மீ.; இன்னொன்றுக்கு 203. அந்த மூன்று மில்லிமீட்டரில் யார் உயிர் பிழைத்தார் என்று தெரியவில்லை. காலிப்பரை 1.5 மி.மீ. நகர்த்த வாஷர் விற்பவர் பிழைத்தார். எண்ணெயிலும் சிலதில் டாட் திரவம், சிலதில் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல் ரப்பர் போச்சு.

கியரில் தங்கள் நகைச்சுவை உச்சம். 2016-ல் ஸ்ராம் கம்பெனி மின்சார மலை வண்டிக்கென்றே இஎக்ஸ்1 என்று 8 பல்சக்கர கேசட் செய்தது. மோட்டாரின் இழுப்புக்குக் கனமான பல்லும் குறைந்த கியரும் போதும் என்ற நேர்மையான யோசனை. சந்தையில் 12-தான் விலைபோகும் என்பதால் அதற்கு மாலை மரியாதை இல்லை. 2019-ல் அதே கம்பெனி எல்லா ஃபிரேமுக்கும் பொதுவான, கியர் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் என்று ஒன்றைத் தந்தது. உலகமே கைதட்டி ஃபிரேமை அதற்கேற்ப மாற்றியது. 2023-ல் ஹேங்கரே வேண்டாத கியர் வந்தது. அது மாட்டுவது அந்தப் பொது ஹேங்கர் இடம் வைத்த ஃபிரேமில் மட்டும். சாணக்கியர் சைக்கிள் விற்றிருந்தால் இப்படித்தான் விற்றிருப்பார்.

சட்டத்தைத் தாங்கள் மதிக்கும் அழகும் உண்டு. ஐரோப்பாவில் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட், உதவி 25 கி.மீ. வேகம் வரை, இந்தியாவில் பதிவு எண் வேண்டாத வண்டிக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. 2024-ல் வந்த டிஜேஐ அவினாக்ஸ் உச்சத்தில் 1000 வாட் தருகிறது. தொடர் திறன் கேட்டால் 250 என்று சாதுவாகச் சொல்கிறது. அந்த இழுப்பை எல்லாம் செயினும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் வண்டியோடு வருவது பல நேரம் மெல்லிய சுவர் டயரும் சாதா செயினும். விலைப்பட்டியலில் மின்னுவது கார்பன் ஹேண்டில்பார். 24 கிலோ வண்டியில் நூறு கிராம் குறைக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குறைவாகக் குடித்து ஏறினால் அதைவிட அதிகம் மிச்சம்.

ஆகவே தங்கள் பொற்பாதம் பணிந்து கோருவது: எழுத்தை விட்டுவிட்டு ரீச், ஸ்டாண்டோவர், தண்டு இறங்கும் ஆழம் மூன்றையும் முதல் பக்கத்தில் அச்சிடவும். இன்னொரு பத்தாண்டுக்கு எதையும் ஒரு மில்லிமீட்டர்கூட அகலப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கோட்டின் மேல் நிற்பவன்

நகல்: வாங்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு. தங்கள் கால் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் இரண்டையும் சரிவில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மிச்சமிருக்கும் காசில் முதலில் தடித்த சுவர் டயர், பிறகு நான்கு பிஸ்டன் பிரேக். செயின் தேய்மானம் பார்க்கும் கேஜ் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். கார்பனை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.