எல்லாம் பிக்கப் செய்த வினை

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவன் கார்டு பிடிக்கக் கற்கும் முன்பே ஒரு வாசகத்தைக் கற்றுக்கொண்டு விடுகிறான்: "ஸ்டாக் பிக்கப்பா? மொதல்ல அதத் தூக்கிப் போடு." ஸ்டாக் என்றால் கிட்டாரோடு கூடவே வருவது. பூச்சோங்கில் எந்த மாமாக் கடையானாலும், இரண்டு கிட்டார்காரர்கள் தே தாரேக்கோடு உட்கார்ந்தால் ஆறுவதற்குள் இது வந்துவிடும். நானும் நாலு பேருக்கு இந்த உபதேசத்தைச் செய்திருக்கிறேன். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்குக்குக் கீழே இருக்கும், அதில் வயர் போகும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாத காலம் அது.

என் கிட்டார் பண்டார் புத்ரியில் ஒருவரிடம் 400 வெள்ளிக்கு வாங்கிய பழையது. இந்தோனேசியாவில் செய்தது, மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, அது ஒரு பாவமும் அறியாது. வாங்கிச் சில மாதங்களில் சத்தம் மங்கிவிட்டது, கம்பளிக்குள் இருந்து யாரோ பாடுவதுபோல. குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தீர்ப்பை எழுதிவிட்டு, ஆதாரம் தேடப் போனேன்.

பிக்கப்புகளைத் தாங்கும் முன்பக்கத் தட்டான பிக்கார்டைக் கழற்றித் திருப்பினால் பிக்கப்பின் முதுகில் ஒரு சின்ன ஒட்டுத்தாள், அதில் ஓர் எண். மாடல் எண் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். இரவெல்லாம் கண் விழித்துத் தேடியும் உலகில் யாரும் அப்படியொரு பிக்கப்பைக் கேள்விப்பட்டதில்லை. மிகவும் அரிய வகை என்று கூட ஒரு கட்டத்தில் நம்பினேன். அது தொழிற்சாலையில் யாரோ சோதித்துப் பார்த்து ஒட்டிய தேதி.

ஒட்டுத்தாளை நம்பிக் கெட்டவன் நான் மட்டுமில்லை என்பது ஓர் ஆறுதல். கிப்சன் கம்பெனியின் சேத் லவர், இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கேட்டார், 1959இல்தான் கிடைத்தது. காத்திருந்த காலத்தில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று ஒட்டினார்கள். உரிமை கைக்கு வந்தபின் எண் போட்டார்களே, அது ஹம்பக்கரின் எண்ணே அல்ல. ஸ்ட்ரிங்கின் வால்முனையைப் பிடித்துக்கொள்ளும் ஓர் உலோகத் துண்டுக்கு கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கியிருந்த காப்புரிமையின் எண்! கைதவறியதா, போட்டிக்காரனைச் சுற்றலில் விடத்தானா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது காந்தப் பரிசோதனை. நல்ல ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மேலே தெரிகிற ஆறு தண்டுகளே காந்தம். அல்னிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்பு. என்னுடையதில் தண்டு வெறும் எஃகு. அடியில் பசை போட்டு ஒட்டிய கறுப்புப் பட்டைதான் காந்தம். செராமிக்! "பாத்தியா, மட்டச் சரக்கு" என்று மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்தது உணவு மேசையில் சிதறிக் கிடந்த ஸ்குரூக்களை. 1970களில் ராக் வாசித்தவர்கள் தங்கள் ஸ்டாக் பிக்கப்பைக் கழற்றிவிட்டு ஆசையாக மாட்டிய டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பதும் செராமிக் காந்தம்தான். அதைப் பிறகுதான் படித்தேன். படித்ததை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்து பிக்கப்பின் மின்தடையை அளக்க வேண்டும். மல்டிமீட்டர் வாங்க ஜாலான் பாசாருக்கே போனேன். பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கோலாலம்பூரில் எலெக்ட்ரானிக் சாமான் வாங்குகிறவன் ஜாலான் பாசாருக்குப் போனால்தான் விஷயம் தெரிந்தவன். கழற்றாமலேயே அளக்கலாம் என்று கேட்டிருந்ததால், கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் மீட்டரை வைத்தேன். இந்த ரகப் பிக்கப் சாதாரணமாக 6 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டும். என்னுடையது 60ஐத் தாண்டியது. மட்டச் சரக்கு ஒரே நொடியில் மகா அசுரனாகிவிட்டது. படம் எடுத்து வாட்சப் குழுவில் போட்டேன்.

சர்ச்சில் வாசிக்கிற ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், வால்யூம் ஃபுல்லா வச்சுதானே அளந்தீங்க?"

பாதியில் இருந்தது. அப்படி வைத்தால் மீட்டர் பிக்கப்பை அல்ல, வால்யூம் குமிழுக்குள் இருக்கும் ரெசிஸ்டரை அளக்கும். முழுக்கத் திருப்பினேன், 5.9. அந்தப் படத்தை நான் அழித்துவிட்டேன், குழுவில் ஒருவர் இன்னும் வைத்திருக்கிறார். அது போகட்டும், 5.9இலிருந்தாவது ஏதாவது தெரிந்ததா? சுருளின் கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிசு என்பதைத்தான் அந்த எண் சொல்லும். சத்தம் இனிக்குமா கசக்குமா என்று அதற்குத் தெரியாது.

விஷயம் தெரிந்தவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் நடு பிக்கப்பைத் தனியே அளக்க வேண்டுமென்று உறையைக் கழற்றினேன். காந்தம் இருக்கும் இடத்துக்கு இரும்பு ஸ்குரூ டிரைவரைக் கொண்டு போகக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிக்கப் அதை வெடுக்கென்று இழுத்தது. முனை சறுக்கிச் சுருளின் விளிம்பில் விழுந்தது. சத்தமே இல்லை. அந்தக் கம்பி 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெலிசு. ஆயிரக்கணக்கான சுற்றில் ஒரு சுற்று அறுந்தால் போதும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், செம்பு நிறத்தில் ஓர் இழை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மீட்டர் எண் காட்டவில்லை.

கிள்ளானில் கிட்டார் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பாப் யே யே பாட்டுகள் ஓடிய காலத்தில் கல்யாண வீடுகளில் வாசித்தவர். அப்போது கிடைத்த கிட்டாரே பெரிய விஷயம், பிக்கப்புக்கு நல்லது கெட்டது யார் பார்த்தார் என்பார். செத்த பிக்கப்பை அவர் கவனிக்கவே இல்லை. ஸ்ட்ரிங் மேல் விரலை ஓட்டி அந்த விரலை எனக்குக் காட்டினார். துரு.

"எப்பத்தா தம்பி மாத்துன?"

மாற்றியதே இல்லை. நம் ஊர் ஈரத்துக்கும் என் கை வியர்வைக்கும் ஸ்ட்ரிங் சில வாரங்களிலேயே செத்துப்போகும்.

"பிக்கப்ப ஏன் இப்படி மேல ஏத்தி வச்சிருக்க?"

சத்தம் கூடட்டும் என்று நான்தான் ஏற்றினேன். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டுமாம். என்னுடையதில் ஒரு காகிதம் நுழையும். காந்தம் அவ்வளவு நெருங்கினால் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும், சுருதி தள்ளாடும். என் டியூனர் கெட்டுவிட்டதென்று அதையும் மாற்றியிருந்தேன். போதாக்குறைக்கு மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பத்து மீட்டர் கேபிள், நீளம் கூடக் கூட அது மேல் ஸ்தாயியைத் தின்னும்.

புது ஸ்ட்ரிங் போட்டு, பிக்கப்பை இறக்கி, அவருடைய குட்டைக் கேபிளில் வாசித்தார். நான் மட்டச் சரக்கு என்ற அதே செராமிக், கண்ணாடி மாதிரிக் கேட்டது. நடு பிக்கப்புக்குப் புதிதாக வாங்கி வா, மாட்டித் தருகிறேன் என்றார். கூலி கொஞ்சம்தான். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் இரண்டாம், நாலாம் இடங்களில் நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். பழைய நடு பிக்கப் சுருளும் காந்தமும் எதிர்த்திசையில் செய்யப்பட்டது. அதனால் அந்த இடங்களில் மின்சார இரைச்சல் அடங்கிவிடும். புதிதாக வந்தது வேறு கம்பெனி, வேறு திசை. திசைகாட்டியை மேலே வைத்துப் பார்த்திருந்தாலே காந்தத்தின் திசை தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. இப்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி ஒல்லியாக ஓர் ஒலி வருகிறது. இரண்டு வயரை மாற்றி ஈயம் வைத்தால் அதாவது சரியாகும். ஆனால் கழற்றி மாட்டிய மாட்டலில் பிக்கார்டின் ஸ்குரூ ஓட்டைகள் லூசாகிவிட்டன, இரண்டில் பல் குத்தும் குச்சி வைத்து அடைத்திருக்கிறேன். இன்னொரு முறை திறக்கத் தைரியமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த சர்ச் பையன் வாங்கி வாசித்துப் பார்த்தான். "இந்த சவுண்டு நல்லா இருக்கே அங்கிள், என்ன பிக்கப் போட்டீங்க?"

தேடிப் பிடித்துப் போட்டது என்றேன்.