சுறா பாக்கப் போற மருமவனுக்கு

மாலத்தீவுக்குப் போறியாம்ல மருமவனே! படகுலயே 7 ராத்திரி படுத்து, படகுலயே தின்னு, நாளுக்கு 3 தடவ கடலுக்குள்ள முங்கி, சுறாவை மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு வரப் போறியாம். எந் தங்கச்சி வந்து அழாத குறையாச் சொன்னா. நான் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கேன்: ‘சுறாவுக்கு ஒண்ணும் ஆகாது, நீ பயப்படாத’ன்னு.

வம்சத்துக்கே பெருமைலே. எங்க பாட்டன் காலத்துல இந்தத் தூத்துக்குடிக் கடல்ல முத்துக்குளிப்பு நடக்கும்போது கடல்கட்டின்னு ஒரு ஆளு உண்டு. மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுதவரு. அவரு கரைக்கு வராம ஒருத்தன் தண்ணியில இறங்க மாட்டான். அதுக்காக அவருக்குச் சிப்பியில பங்கு. சுறா வந்துரக் கூடாதுன்னு கூலி கொடுத்த கூட்டம் நாம. நீ சுறா வந்தே ஆகணும்னு லட்சத்துக்கு மேல கட்டியிருக்க. உனக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்த ஏஜெண்டுதான் இந்தக் காலத்துக் கடல்கட்டி. ஒரே ஒரு வித்தியாசம்: அன்னைக்குச் சுறா வந்தா கடல்கட்டிக்கு அடி விழும், இன்னைக்குச் சுறா வராட்டாலும் ஏஜெண்டுக்குப் பணம் விழும்.

மாலத்தீவுக்காரன் விவரமானவன். 2010-லயே நாடு முழுக்கச் சுறா பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். பிடிச்ச சுறாவை ஒரு தடவதான் விக்கலாம்; விட்ட சுறாவை உன்னைய மாதிரி ஆளுவகிட்ட வருசம் பூரா விக்கலாம்.

கேமரா வாங்கிட்டியாம், அதுக்குத் தண்ணி புகாத பெட்டி வாங்கிட்டியாம், ரெண்டு டார்ச் வாங்கிட்டியாம், உடம்போட ஒட்டுத கறுப்புச் சட்டை வாங்கிட்டியாம். நல்லது. இன்னும் வாங்காத சாமான் ஒண்ணே ஒண்ணுதான்: பழக்கம். முங்கப் பழக்குதவன் நாலு நாள்ல ஒரு அட்டை கொடுத்துட்டான், சரி. அந்த அட்டைக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதுக்கு மேல ‘அட்வான்ஸ்டு’ன்னு ஒண்ணு இருக்கு, 5 முங்கு முங்குனா கொடுத்துருவான். அஞ்சாவது முங்குல ஒருத்தன் ‘அட்வான்ஸ்டு’ ஆகிடலாம்னு தெரிஞ்சிருந்தா, திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரன்லாம் இந்நேரம் பேராசிரியராயிருப்பான். மாலத்தீவுல சட்டப்படி உல்லாச முங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. நம்ம கணக்குல 16 பாகம். பல படகுக்காரன் 50 முங்காவது முங்கியிருக்கியான்னு நோட்டை வாங்கிப் பாக்கான். அவனை வையாத. அவன் கேக்கது உன் நல்லதுக்கு. உன்னைத் தேடி அலையுத டீசல் செலவும் அவனுக்குத்தானே!

ஏன் கேக்கான்னு சொல்லுதேன், கேளு. அந்த ஊரு தீவுன்னா ஒத்தைத் தீவு இல்ல. பவளப்பாரு வட்டம் வட்டமா 26 வளையம், அதுல 1,190 தீவு சொச்சம், வடக்கேயிருந்து தெக்கே 870 கிலோமீட்டர். ஒவ்வொரு வளையத்துக்கும் இடையிடையே வாசல் உண்டு, அதைக் ‘கண்டு’ம்பான். ஏத்தத்துக்கு வெளிக்கடல் தண்ணி பூராவும் அந்த வாசல் வழியா உள்ள நுழையும்போது நீவாடு உன்னைய இழுத்துட்டுப் போயிரும். அந்த வாசல்லதான் சுறாக்கூட்டம் எதிர்நீச்சல்ல நிக்கும். படகுக்காரன் உன்கிட்ட ஒரு இரும்புக் கொக்கியும் கயிறும் கொடுத்து, செத்த பாறையாப் பாத்து மாட்டிக்கிட்டுக் கொடி மாதிரிப் படபடன்னு பறந்துக்கிட்டே பாக்கச் சொல்லுவான். உயிருள்ள பவளத்துல மாட்டிப் பிச்சுப் போடாத. நம்மூர்ல கொக்கியில மீனு மாட்டும், மனுசன் வேடிக்கை பாப்பான். அங்க மனுசன் தானே போயிக் கொக்கியில மாட்டிக்கிட்டுத் தொங்குதான், மீனு வந்து வேடிக்கை பாத்துட்டுப் போகுது.

அதனால முதல்ல பாண்டிச்சேரியோ அந்தமானோ போயி, காசு கம்மியா உள்ள கடல்ல பயந்து பழகு. லட்ச ரூவா கடல்ல பயப்படுதது வீண் செலவு.

எப்பப் போகணும்னு யோசிச்சியா? ஆபீஸ்ல லீவு கிடைக்கும்போதுன்னு சொல்லுவ. கடல் உன் மேனேஜர்கிட்டக் கேட்டு நடக்காது. டிசம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க வடகிழக்குக் காத்து. கிழக்கு வாசல் வழியாத் தெளிஞ்ச தண்ணி உள்ள வரும். சுறா பாக்க அந்தப் பக்கம். உள்ள இருக்க கலங்கல் மேற்கால வெளியேறும். அதுல உள்ள கண்ணுக்குத் தெரியாத இரையைத் தேடி ஆனைத் திருக்கை, நீ மாண்டாங்கியே, அது மேற்கே நிக்கும். மே மாசத்துலேருந்து நவம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. எல்லாம் இடம் மாறிரும். அந்த மாசங்கள்ல பா அட்டோல்ல ஹனிஃபாரு வளைகுடாவுல திருக்கை கூட்டங் கூட்டமா வரும். அந்த அட்டோலை 2011-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா எடுத்துக்கிட்டுது. ஆனா ஹனிஃபாருவுல சிலிண்டரோட இறங்கக் கூடாது. மேலாப்புல மிதந்துதான் பாக்கணும். அவ்வளவு காசு போட்டு வாங்குன சாமானையெல்லாம் கழட்டி வச்சிட்டு, எங்க அப்பன் குளிச்ச மாதிரிக் குளிக்கணும்.

திமிங்கலச் சுறான்னா தெற்கு ஆரி அட்டோல். வருசம் பூரா நிக்கும். ஆனா அங்க சுத்துததுல பாதிக்கு மேல இளவட்டப் பயலுவதான், வயசுக்கு வந்த பொம்பளச் சுறாவைப் பாக்கதே அபூர்வம். காரியம் இல்லாம ஊரைச் சுத்துத விடலைங்க எந்தக் கடல்லயும் உண்டு போல. உடம்புலேருந்து 3 மீட்டர், வாலுலேருந்து 4 மீட்டர் தள்ளி நில்லு; தொடாத; பிளாஷ் அடிக்காத. நீ தூங்கும்போது ஒருத்தன் மூஞ்சிக்கு நேரே லைட் அடிச்சா அவனை என்ன சொல்லுவ? அது வாயைத் தெறந்தா உள்ள போகது கூனியும் பொடி மீனும்தான், உன்னைத் திங்காது. அதுக்காக அது சவாரி விடுத குதிரையுமில்ல.

காகிதச் சோலி லேசு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்குன உடனே விசா, காசு கிடையாது. போறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள ‘இமுகா’ன்னு ஒரு பாரம் போன்லயே நிரப்பணும். படகுல தங்குதவனுக்கு நாளுக்கு 12 டாலர் பசுமை வரி. 2025-லதான் 6-ஐ 12 ஆக்குனான். சீட்டு விலையில அது அடங்குமா, வாடகைச் சாமான் அடங்குமா, படகுப் பையங்களுக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவுன்னு முன்னாலயே கேட்டுக்க. ஏர்போர்ட்டுக் கடையில பாட்டில் மட்டும் வாங்கிராத. மாலேயில இறங்குன உடனே சுங்கக்காரன் வாங்கி வச்சிக்கிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பான், திரும்பும்போது எடுத்துக்கலாம். படகுல கிடைக்கும், ஆனா அன்னைக்கு முங்கெல்லாம் முடிஞ்ச பெறவு. கடலுக்கு உள்ள ஒரு போதை, வெளிய ஒரு போதைன்னு ரெண்டைக் கலந்தவன் கணக்கு நேராகாது.

படகு வாழ்க்கை எப்படின்னு கேப்ப. காலைல 6 மணி வாக்குல மணியடிச்சு எழுப்பிருவான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி 9 மணிக்கு எந்திக்கலாம்னு நெனைக்காத. வெள்ளைப் பலகையில பாறை எங்க, வாசல் எங்க, நீவாடு எந்தப் பக்கம்னு படம் போட்டுச் சொல்லுவான். அப்பச் செல்பி எடுக்காம காதைக் கொடு. பெரிய படகுக்குப் பின்னாலயே ஒரு தோணி வரும். சிலிண்டரு, காத்தடைக்குத கம்ப்ரசரு, ஈரச் சட்டை, துடுப்பு எல்லாம் அதுலதான். நீ தூங்கும்போது சத்தமும் நாத்தமும் உன்கிட்ட வராம இருக்கதுக்கு அந்த ஏற்பாடு. முதல் முங்கு முடிஞ்சு வந்தாத்தான் பலகாரம். மாசிக் கருவாட்டைப் பொடிச்சு, தேங்காய், வெங்காயம், மிளகா போட்டுப் பிசைஞ்சு ரொட்டியோட கொடுப்பான். அதை விட்டுட்டுப் புளிச்ச மாவு ரொட்டி கேட்டு நிக்காத. நம்ம தோணிக்காரன் வெங்காயமும் பருப்பும் ஏத்திட்டுப் போயித் திரும்பும்போது கொண்டுவந்த அதே மாசிதான்.

இப்ப நெசமான சங்கதிக்கு வாரேன். இதுவரைக்கும் சொன்னது முங்குததுக்கு. முங்கச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேரு இருக்கான். இரும்புக் குண்டுக்குக் கூட முங்கத் தெரியும். மேல வாரதுதாம்லே வித்தை.

நாங்க மூச்சை அடக்கிப் பேரு வாங்குன கூட்டம். நீ மூச்சை அடக்குனா உள்ள பேரும் போயிரும். நாங்க கரைக்காத்தை நெஞ்சுல எடுத்துட்டுப் போயி அதே காத்தோட வாரோம். நீ 10 மீட்டர் ஆழத்துல சிலிண்டர்லேருந்து இழுக்குத காத்துக்கு ரெட்டை அழுத்தம். அதை அடக்கிக்கிட்டு மேல வந்தா, வரவர அது ரெண்டு மடங்காப் பெருகும், நெஞ்சு கிழிஞ்சிரும். அதனால அடக்காம விட்டுக்கிட்டே வா. நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறாத. 5 மீட்டர்ல 3 நிமிசம் சும்மா நில்லு. கையில கட்டியிருக்க கம்ப்யூட்டர் கத்துனா, பொண்டாட்டி சொல்லுத மாதிரி நெனைச்சுக் கேட்டுக்க, எதிர்த்துப் பேசாத.

ஏன்னா ஆழத்துல இழுத்த காத்துல உள்ள நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் ஊறிரும். நாளுக்கு 3 முங்கு, அதுவும் வாரம் பூரா. ஊறுனது இறங்க நேரம் கொடுக்காம ஏறுனா குமிழியாயி முட்டியிலயும் முதுகுத்தண்டுலயும் போயி அடைக்கும். இங்க கம்ப்ரசர் டியூப்பைக் கடிச்சிக்கிட்டுச் சங்குக்குப் போயி, அவசரமா ஏறி, இப்பக் காலை இழுத்து நடக்குத ஆளுவ இருக்காங்க. அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்ல, கையில கட்டக் கம்ப்யூட்டரும் இல்ல; வயித்துக்குப் போனாங்க. நீ வேடிக்கைக்குப் போற. வேடிக்கைக்குப் போறவனுக்கு அவசரம் எதுக்குலே?

நைட்ராக்ஸ்னு ஒண்ணு கொடுப்பான். 32 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஜன் கம்மி. அதுக்குப் படிச்சு அட்டை வாங்கியிருந்தா எடுத்துக்க, உடம்புக்கு நல்லது. அதுக்காக இன்னும் ஆழமாப் போகலாம்னு அர்த்தமில்ல. ஆழம் கூடுனா ஆக்சிஜனே விஷம். சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு முங்காத. காது அடைச்சிக்கிட்டு இறங்குனா சவ்வு கிழியும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் கேக்கும். ஆனா பொண்டாட்டி பேசுததும் கேக்காதேன்னு சந்தோசப்படாத.

மேல வந்த பெறவு உன்னை யாரு பாக்குதா? தலைன்னா அலைக்குள்ள தேங்காய் அளவுதான். ஆரஞ்சுக் கலர்ல ஊதிவிடுத நீளப் பை ஒண்ணு இருக்கு. கேமராவுக்கு முன்னால அதைத்தான் வாங்கியிருக்கணும். இன்சூரன்ஸையும் பாத்துப் போடு. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலதுல முங்குச் சமாச்சாரம் அடங்காது. குமிழி அடைச்சவனைப் போட்டு அமுக்கிச் சரி பண்ணுத இரும்பு அறை மாலே பக்கத்துல பண்டோஸ் தீவுல இருக்கு. அங்க படுக்க ஆகுத செலவைக் கேட்டா, அடைச்ச குமிழி தானா இறங்கிரும்.

கடைசி நாளு முங்கக் கூடாது. கடைசி முங்குக்கும் விமானத்துக்கும் நடுவுல 18 மணி நேரமாவது வேணும். விமானம் ஏறுததும் ஒரு வகையில மேல வாரதுதான். திருவனந்தபுரம் 1 மணி நேரச் சொச்சம்தானேன்னு வாதாடாத. அன்னைக்கு மாலேச் சந்தையில மாசி வாங்கு.

கடைசியா ஒண்ணு. கூட்டாளி இல்லாம அங்க இறங்க விடமாட்டான். நம்ம காலத்துல கீழ முங்குதவனுக்கு மேல கயிறு பிடிக்கது மச்சான்தான்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பின்னா பாகத்துல பங்கு கூடும்; மச்சானுக்குத் தங்கச்சி தாலி. உனக்கு மச்சான் இல்ல, அதனால கூட்டாளியைக் கவனமாத் தேர்ந்தெடு. கேமராவுலயே கண்ணு வச்சிருக்கவன் வேண்டாம். உன்கிட்டக் கடன் வாங்குனவன் வேண்டவே வேண்டாம். உனக்குக் கடன் கொடுத்தவனாப் பாத்துச் சேத்துக்க. உன் சிலிண்டர்ல 50 பார்தான் மிச்சம்னு உனக்கு முன்னால அவன் பாத்துருவான். மேல வந்து முங்குக் கண்ணாடியைக் கழட்டுததுக்குள்ள கையைப் பிடிச்சுத் தூக்கிருவான்.

அப்படி ஆளு யாரும் தோதா அமையலன்னா வெக்கப்படாம மாமன்கிட்டச் சொல்லு. படகுச் சீட்டுக்கு மிச்சப் பணத்தை வட்டிக்கு நான் தாரேன். கூட எனக்கும் ஒரு சீட்டுப் போட்டுரு. தண்ணியில இறங்க மாட்டேன், கவலைப்படாத. பின்னால வார தோணியில உக்காந்து மாசி ரொட்டி தின்னுக்கிட்டு, உன் குமிழி வருதான்னு மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன். நீ கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம் என் மடியிலதான் இருக்கும்.