622 தெரிந்தவர்

சென்னையில் மலை என்று கைகாட்ட இருப்பது பரங்கிமலை. அதன் உச்சிக்கும் கார் போகிறது. ஆனாலும் எந்த அடுக்ககத்தின் பார்க்கிங்கில் எட்டிப் பார்த்தாலும் ஒரு மலைச் சைக்கிளாவது தூணோடு சங்கிலி போட்டுக் கட்டிக் கிடக்கும். அதை எம்.டி.பி. என்று சொன்னால்தான் சொந்தக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மாஸ்டர் செக்கப்பில் ஏதோ ஒரு எண் தடித்த எழுத்தில் வந்திருக்கும். அந்த வாரமே சைக்கிள் கடைக்குப் போயிருப்பார். ஒல்லியாக நின்ற ரோடு பைக்கைப் பார்த்து, "நம்ம ஊர் பள்ளத்துக்கு இது தாங்குமா?" என்று கேட்டுவிட்டு, முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 29-க்கு 2.1 பட்டன் டயர் என்று மிரட்டலாக நிற்பதைக் கைகாட்டியிருப்பார்.

இந்த வண்டியின் பூர்வீகம் கலிஃபோர்னியா. 1970-களில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே தமால்பைஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பெருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களோடு மலை ஏறி, மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்புக்குள் இருக்கும் பிரேக் கொதித்து, கிரீஸ் புகையாகப் போய்விடும். திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அந்த வம்சத்தில் வந்த வண்டி இங்கே திருவான்மியூர் ஸ்பீட் பிரேக்கரில் இறங்குகிறது.

விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம்மவரைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு முன்பே கேட்கலாம். பட்டன் டயர் தார் ரோட்டில் உருளும்போது 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் வரும். மிக்ஸியைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் ரோடு பைக்காரர்கள் ஒவ்வொருவராக "குட் மார்னிங் சார்" சொல்லித் தாண்டிப் போவார்கள். அந்தச் 'சார்'தான் அவரைச் சுடும். அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்: குறை காலில் இல்லை, டயரில்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டன்கள் சேற்றையும் மண்ணையும் கவ்வுவதற்காக வைத்தவை. தாரில் கவ்வ ஒன்றும் கிடைக்காமல், ஒவ்வொரு பட்டனும் பாரத்தில் வளைந்து நிமிர்கிறது. மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு அந்த வளைவிலேயே சூடாகிப் போய்விடும். வழவழப்பான ரோடு டயர் போட்டுக் காற்றைக் கூட்டினால் வண்டி லேசாவது நிஜம். ஆனால் எவ்வளவு லேசாகும் என்பதில்தான் அவருக்கும் பௌதிகத்துக்கும் தகராறு.

இனிமேல் அவர் படிக்க ஆரம்பிப்பார். மகளின் பத்தாம் வகுப்புப் பாடத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை. டயர் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்த எண்களுக்கு அர்த்தம் தெரிந்துவிடும். 26 அங்குல மலைச் சைக்கிள் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. ரோடு பைக்கின் 700-க்கும் அதே 622. "டேப் வச்சு அளந்தா ரிம்முல 29-உம் வராது, 700-உம் வராது. டயர் உக்கார்ற இடம் 622 மில்லிமீட்டர். ரெண்டும் ஒண்ணுதான்!" இதை லிஃப்ட்டில், கல்யாணப் பந்தியில், வங்கி வரிசையில் எல்லாம் சொல்லுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே 700-க்கு 23 பந்தய டயரை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரர் பட்டன் டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

"இன்னும் மயிரு கூட உதிரல சார். எதுக்கு மாத்துறீங்க?"

"ரோலிங் ரெசிஸ்டன்ஸ்ணே."

"அது எங்க இருக்கு? எடுத்துடலாம்."

622 விளக்கத்தைக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சுத்தளவு சரி சார், அகலம்? உங்க ரிம்மு குண்டு. இவ்வளவு ஒல்லி டயர் போட்டா பள்ளத்துல விழறப்ப ரிம்மு நேரா ரோட்டைத் தொடும். 35 போடுங்க" என்பார். எந்த வாசிப்பும் அதுவரை சொல்லாத செய்தி. 35-க்கு மாறிய பிறகு, பழைய டியூப் அதற்குள் மடிந்துகொள்ளும் என்பது தெரியவரும், டியூபும் புதுசு. பட்டன் டயரில் 35 பவுண்டு காற்று வைத்தவர் இதில் 70 ஏற்றுவார். அதற்கு மீட்டர் வைத்த பம்ப் வேண்டாமா? அதுவும் வரும். வீட்டுக்கார அம்மா, "ஏங்க, சைக்கிள் புதுசுதானே?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

மறுநாள் காலை ஸ்பீடாமீட்டரில் வேகம் கூடியிருக்கும். கூடத்தான் செய்யும். டயர் மெலிந்ததில் சக்கரத்தின் வெளிச்சுற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைந்துவிட்டது; மீட்டரில் பழைய சக்கர அளவையே விட்டுவைத்தால், மிதிக்காமலே ஒரு கிலோமீட்டர் வேகம் வட்டியாகச் சேரும். 622 தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.

சத்தம் போனதில் வேறு சிக்கல். நடைப்பயிற்சிக்காரர்கள் முனகல் கேட்டு ஒதுங்குவார்கள். இப்போது வண்டி முதுகைத் தொடுகிறவரை தெரிவதில்லை. மணியடிக்கலாம் என்றால், எடையைக் குறைக்க மணியைக் கழற்றியாயிற்று. "ஹலோ... ஹலோ..." என்று கத்திக்கொண்டே போவார்.

மழைநாளில் அவர் முழு வல்லுநர். "வழவழ டயர் ஈரத்துல வழுக்கும்னு நினைக்கிறீங்க. கார் டயருக்குத்தான் தண்ணி வெட்டுற பள்ளம் வேணும். சைக்கிள் டயர் குறுகல், காத்தும் ஜாஸ்தி, நாம போற வேகத்துல தண்ணி மேல மிதக்கவே மிதக்காது." அத்தனையும் உண்மை. பால்கனியில் காப்பி டம்ளரோடு நின்றபடி சொல்லுவார். மழையில் ஓட்டியதாகச் சரித்திரம் இல்லை.

கழற்றிய பட்டன் டயர்கள் அந்தப் பால்கனியில்தான் துணிக்கொடிக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. தூக்கிப் போட விடமாட்டார். "ஏற்காடு போறப்ப மாட்டணும்." ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. எல்லாம் தார் ரோடு என்று யார் போய் அவரிடம் சொல்வது?

போன மாதம் எதிர் ஃபிளாட்காரர் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கி வந்தார். கம்பெனியிலேயே 700-க்கு 35 ரோடு டயர் போட்டு வந்த வண்டி. நம்மவர் கீழே இறங்கி வந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது; உடனே தெளிந்தது.

"நல்ல வண்டி சார். ஆனா நம்ம ஊர் ரோட்டுக்கு இந்த டயர் தாங்குமா? எங்கிட்ட புதுசு மாதிரி ரெண்டு பட்டன் டயர் இருக்கு. ரிம் ஒண்ணுதான், 622."

"ஃபோர்க்குல இடிக்காதா சார்?"

ஸ்கேல் எடுத்துவர மகளை மேலே அனுப்பிவிட்டு, நம்மவர் தரையில் மண்டிபோட்டார்.