பாவத்தை வாடாமல் வளர்ப்பது எப்படி?

உள்ளத்தில் போராட்டமே இல்லாத விசுவாசியை யார் மதிப்பார்கள்? பாவத்தை விட்டுவிட்டால் போராட்டம் போய்விடும். போராட்டம் போனால் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று தொண்டை தழுதழுக்க என்ன சொல்வீர்கள்? ஆகவே போராடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். எனக்கு இதில் பதினொரு வருஷ அனுபவம், நம்பிப் படிக்கலாம்.

1. நோகாத இடத்தில் தொடங்குங்கள். சாம்பல் புதனன்று மட்டனை விடுங்கள், டீயில் சர்க்கரையை விடுங்கள். இரண்டுமே பாவமில்லை என்பதுதான் இதிலுள்ள வசதி. ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் லெந்து 46 நாள் வரும். 40 என்கிறார்களே என்று குழம்ப வேண்டாம், ஆறு ஞாயிறுகள் கணக்கில் சேராது. அந்த ஆறும் பிரியாணிக்கு. அண்ணனோடு பேசாமலிருக்கும் விரதத்தை மட்டும் 46 நாளும் ஞாயிறு விடாமல் அனுசரியுங்கள்.

2. பாவ அறிக்கையை மொத்த வியாபாரமாகச் செய்யுங்கள். "ஆண்டவரே, நான் மகா பாவி!" எவ்வளவு சுகமான வாக்கியம்! பக்கத்து வரிசை அம்மா "ஆமென்" என்றுகூடச் சொல்வார். "அப்பா வீட்டைப் பங்கு பிரிக்கும்போது கிணற்றடியில் இரண்டடியை என் பக்கம் தள்ளி அளக்கச் சொன்னேன்" என்பதை மட்டும் வாயில் வரவிடாதீர்கள். சில்லறைக் கணக்கு ஆபத்து. மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் அறிக்கையிட்டதுண்டு என்பார்கள். கேட்ட குரு ஸ்டாப்பிட்ஸ் களைத்தே போனாராம். நம்முடையது அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். குருவானவருக்கும் சௌகரியம்.

3. அடுத்தவர் பாவத்தை ஜெபக்குறிப்பாக மாற்றுங்கள். வெறும் புறணி என்றால் மனசாட்சி குத்தும். முன்னால் "பாரத்தோடு பகிர்ந்துகொள்கிறேன்" என்று சேர்த்தால் குத்தாது. "ஒரு குடும்பத்துப் பையனுக்காக ஜெபிச்சுக்கோங்க. பேர் வேண்டாம். பஸ் ஸ்டாப் பக்கத்துல, பச்சை கேட்டு வீடு." வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, கைகூப்பும் படங்கள் மூன்றைத் தட்டுங்கள்.

4. ரோமர் 7-ஐ ஜாமீன் மனுவாகப் பயன்படுத்துங்கள். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று பவுலே புலம்புகிறார். அப்போஸ்தலருக்கே அந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு? அவர் அதை வேதனையோடு சொன்னார், நாம் நிம்மதியோடு சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாம் அதிகாரத்துக்குப் போகவே வேண்டாம், அங்கே காற்று மாறி அடிக்கிறது. ஆறாம் அதிகாரத்தில், கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் வசனத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டால் போதும்.

5. தவணை கேளுங்கள். கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளவயதில் ஜெபித்ததாக அகஸ்டினே ஒப்புக்கொள்கிறார். பிறகு 387-இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்று, அந்த வசதியைக் கெடுத்துக்கொண்டார். நீங்கள் அந்த அவசரத்துக்கு இடம்கொடுக்காதீர்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நன்றாக அழுங்கள். கிடைத்த வாக்குத்தத்த அட்டையை பிரிட்ஜில் ஒட்டுங்கள். போன வருஷத்து அட்டையின் மேலேயே ஒட்டினால் இடம் மிச்சம்.

6. கடைசியாக, திருவிருந்து. இங்கேதான் பலர் சறுக்கிவிடுகிறார்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5 சரியாக அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். பதறாதீர்கள். காணிக்கையைத்தான் ஏற்கெனவே பையில் போட்டாயிற்றே, இனி அதை எங்கே வைத்துவிட்டுப் போவது? அண்ணன் எந்த வரிசையில் எழுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, அதற்கு அடுத்த வரிசையில் போங்கள். ஆனாலும் கணக்கு சில நாள் பிசகும். அவர் முன்னால் மண்டியிட்டிருப்பார், நீங்கள் பின்னால் நின்று காத்திருப்பீர்கள். செருப்பில்லாத அவர் பாதங்கள் உங்களைப் பார்த்திருக்கும். குதிகாலில் வெடிப்பு, அப்பாவுக்கு இருந்த மாதிரியே, அதே இடத்தில். உடனே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு ஜெபம் மாதிரியே இருக்கும்.