பச்சைப் பொய்

அப்பட்டமான பொய்யைத் தமிழில் பச்சைப் பொய் என்கிறோம். அந்தப் பெயரை வைத்தவர் பேக்கப் மென்பொருள் எதையும் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் கச்சிதமாக வைத்திருக்கிறார். பெரிய நிறுவனங்களில், ஊர் அடங்கிய பிறகு நூற்றுக்கணக்கான பேக்கப் ஜாப்கள் தாமாகவே ஓடுகின்றன. விடிந்ததும் அட்மின் முதல் வேலையாகத் திரையைப் பார்க்கிறார். பச்சை என்றால் வெற்றி, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் தோல்வி. பச்சையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பகல் பொழுதெல்லாம் சிவப்போடுதான் மல்லுக்கட்டு. என் கட்சி இதற்கு நேர் எதிரானது. சிவப்பு யோக்கியன், விசாரிக்க வேண்டியது பச்சையைத்தான்.

சிவப்பின் யோக்கியதைக்கு நெட்பேக்கப் மென்பொருளின் எண்களே சாட்சி. 196 வந்தால், ‘எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது, நான் தொடங்கவே இல்லை’ என்று பொருள். 96 என்றால், எழுதுவதற்கு டேப் கிடைக்கவில்லை. 58 என்றால், அந்தச் சர்வரோடு தொடர்பே கிடைக்கவில்லை. 71 என்றால், நீங்கள் சொன்ன கோப்பு எதுவும் அங்கே இல்லை. இவ்வளவு நேர்மையான வேலையாளை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது. கொஞ்சம் வழுக்குவது 1 என்ற எண்தான்: ‘ஓரளவு வெற்றி’. கல்யாணம் ஓரளவு நடந்தது என்பதைப் போல. யார் வரவில்லை என்று லாகைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அது மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். இங்கேதான் நம் சாமர்த்தியம் வேலை செய்கிறது. தினமும் ஒரு கோப்பு பூட்டிக்கிடக்கிறது, அதனால் ஜாப் மஞ்சளாகிறது, மேலாளர் கேள்வி கேட்கிறார். என்ன செய்வது? அந்தக் கோப்பை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதான். மறுநாள் பச்சை! கணக்கில் ஃபெயிலாகிற பையனைப் பாஸாக்க, கணக்குப் பாடத்தையே எடுத்துவிடும் வைத்தியம் இது. ஒரு கோப்பு ஏன் எப்போதும் பூட்டிக்கிடக்கிறது? யாரோ அதை ஓயாமல் பயன்படுத்துவதால். பெரும்பாலும் அது டேட்டாபேஸ். அதாவது, எதற்காக பேக்கப் எடுக்கிறோமோ அதை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டோம்.

இது மிகை என்பவர்கள் கிட்லேப் நிறுவனத்தின் கதையைப் பார்க்கலாம். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர் ஒரு சர்வரில் அழிக்க நினைத்ததை இன்னொரு சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம். போகட்டும், பேக்கப் இருக்கிறதே என்று அமேசான் கிடங்கைத் திறந்தார்கள். காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி புதியதைத் தொட மறுத்து, நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை மின்னஞ்சலில் சொல்லவும் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லையென்று பெறும் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. புகார் கொடுக்கப் போனவனை வாசற்காவலாளி விரட்டியதால், உள்ளே இருந்தவர்கள் ஊரில் குற்றமே இல்லையென்று மகிழ்ந்திருந்தார்கள். சத்தம் வராவிட்டால் சரியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பச்சையிலேயே அடர்ந்த பச்சை. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும், நம்பிப் பிடிக்க ஒன்றுகூட அன்று தேறவில்லை. காப்பாற்றியது, வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தபோதும் இதே கதைதான். பேக்கப் சரியாக ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த நகல் படத்தைக் காப்பாற்றியது.

‘மென்பொருளே எடுத்த நகலைச் சரிபார்த்துக்கொள்கிறதே, செக்சம் எதற்கு இருக்கிறது?’ என்று கேட்பார்கள். செக்சம் சொல்வது ஒன்றுதான்: படித்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். படித்தது சரியான பொருளா என்று அதற்குத் தெரியாது. ரான்சம்வேர் புகுந்து பூட்டிய கோப்பையும் அது ஒரு பிட் பிசகாமல் நகலெடுத்து, சபாஷ் வாங்கிக்கொள்ளும். மீட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ‘சரி, எல்லாவற்றையும் ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டுமென்றால் இடத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது?’ இது நியாயமான கேள்வி. 20 டிபி காலி இடம் கேட்டால் நிதித்துறை நம்மை ஏற இறங்கப் பார்க்கும். ஆனால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லையே. உத்திரமேரூரில் குடவோலை இட்டு ஆளைத் தேர்ந்ததுபோல், வாரம் ஒரு ஜாபைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மீட்டுப் பார்க்கலாம். அதுவும் பச்சையாக இருப்பவற்றிலிருந்து. நகலெடுத்த சர்வரைத் தனி வலையமைப்பில் உயிர்ப்பித்து, எழுந்து நிற்கிறதா என்று பார்க்கும் வசதி வீம் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. பல இடங்களில் அதை யாரும் இன்னும் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். பெட்ரோல் பங்கில் தொங்கும் சிவப்பு வாளிகளைப் பாருங்கள். வாளி இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்க்கிறார். உள்ளே மணல் இருக்கிறதா, வெற்றிலை எச்சில் இருக்கிறதா என்பது தீப்பிடித்த அன்று தெரியும். உலக பேக்கப் நாளை மார்ச் 31 அன்று வைத்திருக்கிறார்கள். மறுநாள் ஏப்ரல் 1.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: ‘நன்மை செய்யாவிட்டாலும், பேக்கப் ஜாப் தீமையாவது செய்யாதே?’ 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கணினியில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய லாக் கோப்புகளைக் கூட்டிப் பெருக்குவதும் அதன் பொறுப்பு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் இடத்தில் திருத்திய பதிப்பை வைத்தது இயந்திரத்தை விற்ற எச்.பி.இ. நிறுவனம். பாதி வழியில் புதிய பதிப்பைப் படிக்கத் தொடங்கிய ஸ்கிரிப்ட்டுக்கு, எதைப் பெருக்குவது என்ற பெயர் கிடைக்கவில்லை. அதனால் லாகை விட்டுவிட்டு, ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளைப் பெருக்கத் தொடங்கியது. சுமார் 77 டிபி, 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களின் கோப்புகளை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஸ்கிரிப்ட்டை ஏன் திருத்தினோம் என்பதற்கும் விளக்கம் தந்தது: படிப்பவர்களுக்கு இன்னும் தெளிவாகப் புரியட்டும் என்றுதான்.